அமிர்தம் ஒருவருக்கு, ஆலகாலம் இன்னொருவருக்கா?

நீரில்லாமல் ஆலயக் கிரியை ஒன்றுமில்லை. கும்பத்தை நிறைப்பது நீர். மூர்த்தியைக் குளிர்விப்பது நீர். கொடியேற்றத்துடன் தொடங்கும் மகோற்சவம் நிறைவுறுவதும் தீர்த்தத்தில்தான். வைகாசித் திங்களில் கண்ணகை அம்மன் சடங்கின் நிறைவில் மட்டக்களப்பு மக்கள் பாடும் குளிர்த்தியும், வெம்மை தணிந்து நாடு குளிர வேண்டும் என்னும் வேண்டுதலேயாகும். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததும், வானம் பொய்த்தால் விழாவும் பூசையும் நின்றுபோகும் என்று அங்கே எச்சரித்ததும் பெரியோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்திகளாகும்.

இத்தகைய சிறப்புடைய நீர் இன்று அச்சத்துக்குரிய பொருளாகவும் மாறி வருகின்றது. தொழிற்சாலை நடத்துவோரும் நகரங்களை நிர்வகிப்போரும் தீ, களவு, நட்டம் என்பவற்றுடன் தண்ணீரையும் ஓர் இடராகத் தமது கணக்கில் எழுதத் தொடங்கியுள்ளனர். இவ்விடர் மூன்று வகைப்படும். முதலாவது, நீர் போதாமை. இரண்டாவது, நீர் மிகுதி, அதாவது வெள்ளம். மூன்றாவது, நீர் இருந்தும் குடிக்க முடியாத மாசு. காலநிலை மாற்றம் இம்மூன்றையும் கடுமையாக்குகின்றது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு வீதம் அதிகமான நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. எனவே நிலத்திலிருந்தும் குளத்திலிருந்தும் நீர் விரைவாக வற்றுகின்றது. பெய்யும்போதோ ஒரு மாதத்து மழை ஓரிரு நாளிற் கொட்டித் தீர்க்கின்றது. வரட்சியும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வருவது இதனாலேயே. 2025 நவம்பர் பிற்பகுதியில் வந்த டித்வா புயலில் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமை எவராலும் மறக்கக்கூடியதன்று.

இந்த இடரிலிருந்து தப்பிக்கொள்ள ஒவ்வொருவரும் முயல்வது இயல்பே. நகரம் மதில் கட்டுகின்றது, வாய்க்கால் வெட்டுகின்றது, தூரத்துக் குளத்திலிருந்து குழாய் பதிக்கின்றது. தொழிற்சாலை ஆழ்கிணறு தோண்டுகின்றது. கழிவைக் குழாய் வழியே அப்புறப்படுத்துகின்றது. இவை யாவும் திறமை எனப் பாராட்டப்படுகின்றன. ஆயினும் இங்கே ஓர் அறக்கேள்வி மறைந்து கிடக்கின்றது. ஒருவரை விட்டு நீங்கிய ஆபத்து எங்கே போனது? அது அழிந்துவிட்டதா, அல்லது அயலவன் வீட்டு வாசலில் இறக்கி வைக்கப்பட்டதா?

பாற்கடல் கதை சொல்வது

பாற்கடல் கடைந்த கதையை அறியாத அடியார் இல்லை. தேவரும் அசுரரும் மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கிக் கடைந்தனர். மலை அமிழ்ந்துவிடாதபடி திருமால் ஆமை வடிவெடுத்து அடியிலிருந்து தாங்கினார். கடைந்தோர் எல்லோருக்கும் அமிர்தத்தின் மேல் ஆசை இருந்தது. ஆனால் ஆலகால விடம் எழுந்தபோது அதற்கு உரிமை கோர ஒருவருமில்லை. கயிற்றைப் பிடித்த கைகள் யாவும் அதை விட்டு ஓடின. ஈற்றில் சிவபெருமான் அதை ஏந்தினார். வெளியே உமிழ்ந்தால் புறத்தேயுள்ள உலகம் அழியும். விழுங்கினால் அகத்தேயுள்ள உயிர்கள் அழியும். ஆகவே கண்டத்தில் நிறுத்தினார் என்று கதை கூறுகின்றது.

இக்கதையின் உட்பொருளை இன்றைய நீர் விவகாரத்துடன் பொருத்திப் பார்த்தல் தகும். பலன் தரும் முயற்சி எதுவாயினும் அதனுடன் ஒரு கேடும் எழும். கேடு எழுவது குற்றமன்று. அமிர்தத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு ஆலகாலத்தை வாயற்ற இன்னொருவனிடம் தள்ளுவதே குற்றம். இறைவன் செய்தது அதற்கு நேர்மாறானது. தான் உண்டாக்காத நஞ்சையும் அவர் பிறர் மேல் தள்ளவில்லை. அவ்வளவு உயரத்துக்கு மனிதர் போக முடியாவிட்டாலும், தாம் கடைந்து எழுப்பிய நஞ்சையாவது தாமே பொறுப்பேற்க வேண்டுமல்லவா?

முகத்துவாரமும் மூலையும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் பக்கமிருந்து இறங்கும் மாரி வெள்ளம் தாழ்நிலங்களில் பரந்து, வாவியிற் சேர்ந்து, முகத்துவாரத்தின் ஊடாகக் கடலை அடைய வேண்டும். கோடையிலே அலை கொண்டு வந்து சேர்க்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் நீர் ஏறும்போது அதை எப்போது வெட்டுவது என்பது ஒவ்வோர் ஆண்டும் எழும் வழக்கு.

வேளாண்மை செய்பவர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்; இல்லையேல் கதிர் நீரில் மூழ்கும். வாவியை நம்பிய மீனவரின் கணக்கு வேறு. வாவியின் நீர்மட்டமும் உவரும் எப்படி மாறுகின்றன என்பதிலேதான் இறாலும் மீனும் இருக்கின்றன. வெட்டும் நாள் அவர்களின் வருமானத்தைத் தொடும். தாழ்ந்த வளவுகளில் வசிப்போரின் அச்சம் இன்னொன்று. மண்வெட்டி ஒன்றுதான், அதனால் ஒருவருக்கு மீட்சி, இன்னொருவருக்கு நட்டம். இதனாலேயே அதிகாரிகளும் விவசாயப் பிரதிநிதிகளும் மீனவப் பிரதிநிதிகளும் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. பேச்சில் சூடு பிறப்பதுண்டு. முடிவில் எல்லோரும் திருப்தியடைவதுமில்லை. என்றாலும் பாதிக்கப்படப் போகிறவன் முன்கூட்டியே அழைக்கப்படுகின்றான் என்பது சிறிய காரியமன்று.

வந்தாறுமூலை என்பதற்கு, வந்து ஆறும் மூலை என்று ஊரார் பொருள் கூறுவதுண்டு. வந்து இளைப்பாறுவது வழிப்போக்கர் மாத்திரமல்லர். கடலை நோக்கிச் செல்லும் வெள்ளமும் தரவைகளிலும் வில்லுகளிலும் வயல்களிலும் வந்து ஆறியே செல்கின்றது. அவ்விடங்கள் வெறும் பள்ளங்கள் அல்ல. வெள்ளத்துக்கு இறைவன் விட்ட மடங்கள் எனலாம். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலைக்கூடம் இவ்வூரில் அமைந்தமை பெரும் பேறு. அதனோடு கடைகளும் விடுதிகளும் புதுமனைகளும் பெருகுகின்றன. கிராமம் மெல்ல நகராகின்றது. கிறவல் கொட்டிப் பள்ளக்காணியை உயர்த்துபவர் தமது வீட்டைக் காப்பாற்றிக்கொள்கின்றார். ஆனால் அங்கே நிற்க வேண்டிய நீர் அடுத்த வளவுக்குப் போகின்றது. அடுத்தவரும் உயர்த்தினால் அதற்கடுத்தவர். கடைசியில் கிறவல் வாங்க வசதியில்லாத ஏழையின் குடிசையில் அது போய் நிற்கும். ஊர் முழுவதும் தப்பியது போலத் தோன்றும். உண்மையில் ஆபத்து ஏழையின் பெயருக்கு உறுதி எழுதப்பட்டுவிட்டது.

2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் நாட்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்தது. மட்டக்களப்பு மாவட்டமே அதில் மிக மோசமாக அடிபட்டது. பெப்ரவரியில் மீண்டும் வெள்ளம். அறுவடையை எதிர்பார்த்து நின்ற பெரும்போக வேளாண்மை நீரில் அழுகியது. அந்த நாட்களில் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஒதுங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் குடியிருந்த எளிய மக்களே என்பது கண்கூடு.

குழாயின் இரு முனைகள்

வெள்ளத்தைப் போலவே குடிநீரிலும் இந்தக் கேள்வி உண்டு. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் பொதுக் கணக்கு. அந்த ஓரடியை மோட்டார் பூட்டி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு மேலே ஏறும். 2004 டிசெம்பர் 26 சுனாமியின் பின் கரையோரக் கிணறுகள் உவராகி, பவுசரில் வரும் நீருக்காக மக்கள் குடங்களோடு காத்துநின்றதைக் கண்டவர்கள் இந்த உண்மையை ஏட்டிலே படிக்கத் தேவையில்லை.

எனவே நகரத்துக்கு வெளியிலிருந்து நீர் வேண்டியிருக்கின்றது. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்கும் அயற் பிரதேசங்களுக்கும் செல்வது பெரும் நன்மை. வைத்தியசாலையில் இருக்கும் நோயாளிக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் அந்த நீர் சேர்வதை எவரும் பிழையெனக் கூறார். ஆனால் குளத்துக்கு அண்மையில் வாழும் மக்கள் தமக்குக் குழாய்நீர் கிடைக்கவில்லை என முறையிட்டபோது, அது பொறாமைப் பேச்சன்று, நியாயமான கேள்வி. குழாய்க்கு இரண்டு முனை உண்டு. நீர் விழும் முனையில் நிற்பவர், நீர் எடுக்கும் முனையில் நிற்பவரையும் நினைக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டில் செங்கலடிப் பிரதேசத்துக்குட்பட்ட பெரிய புல்லுமலையில் குடிநீரைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றை அமைக்க முயற்சி நடந்தது. நிலத்தடி நீர் வற்றிவிடும் என அஞ்சிய மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். செப்டெம்பரில் மட்டக்களப்பில் கதவடைப்பும் நடைபெற்றது. வேலை நிறுத்தப்பட்டது. தொழிற்சாலை வந்தால் இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்பதும் ஒரு வாதமே. வேலையில்லாத பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய்தந்தையருக்கு அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஆயினும் மூலாதாரமான கேள்வி அதற்கு முன்னாலே நிற்கின்றது. கோடையில் கிணறு வற்றினால் யாருடைய அடுப்பு அணையும், அவரிடம் முன்பே கேட்கப்பட்டதா என்பதே அது.

இவ்விடத்தில் அடியார்கள் தம்மையும் நோக்க வேண்டும். திருவிழா நாளில் அன்னதானப் பந்தலின் ஓரத்தில் குவியும் வெற்றுப் போத்தல்கள் எங்கிருந்தோ வந்த நீரைக் கொண்டு வந்தவையே. அங்கும் ஒரு கிராமம் உண்டு. அங்கும் ஒரு கிணறு உண்டு. தன் ஊரில் வேண்டாம் என்று தடுத்ததை இன்னொருவர் ஊரிலிருந்து காசு கொடுத்து வாங்குவது முழுமையான அறமாகாது. தண்ணீர்ப்பந்தல் வைத்த பரம்பரைக்கு மண்பானையும் செம்பும் போதுமாயிருந்தன.

பிற இடங்கள் கற்பிக்கும் பாடம்

தமிழ்நாட்டின் திருப்பூர் பின்னலாடைக்குப் பேர்போன நகரம். சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. கீழே, விவசாயத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறி, அந்த நீரைப் பாய்ச்ச முடியாமல் உழவர் தவித்தனர். துணியின் வருமானம் மேலே. உப்பும் சாயமும் கீழே. ஈற்றில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி கட்டளையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரித்து, அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்குப் பட்டறைகள் மாற வேண்டியதாயிற்று. செலவு மிகுதிதான், தாங்க முடியாத சிறு பட்டறைகளும் இருந்தன. ஆனால் திருப்பூரின் தொழில் அழிந்துவிடவில்லை. முன்பு அந்தச் செலவு இல்லாமலா இருந்தது? உழவனின் வயலில் இருந்தது. அதைத் தொழில் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டது, அவ்வளவே.

இலங்கையிலும் அத்தகைய தீர்ப்பு உண்டு. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின்நிலையம் ஒன்றின் எண்ணெய்க் கழிவால் அயற்கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு வழங்கும்படி பணித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையையும் செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடு அங்கு வலியுறுத்தப்பட்டது. ஆலகாலத்தைக் கடைந்தவனே அதற்குப் பொறுப்பு என்பதைச் சட்டம் தன் மொழியிற் சொல்லியிருக்கின்றது.

நகரங்களின் கதையும் இவ்வாறே. சென்னை நகரின் சதுப்பு நிலங்களும் ஏரிகளும் கட்டடங்களாக மாறின. 2015 டிசெம்பரில் பெருவெள்ளம் வந்தது. நாலாண்டு கழியுமுன், 2019 கோடையில், நகருக்கு நீர் தரும் ஏரிகள் வரண்டன. சோலையார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் தண்ணீர் கொண்டு வரப்பட்டது. முதலில் ஒரு தடவைக்கு 25 இலட்சம் லீற்றர். அந்தப் பகுதியே தண்ணீர்த் தட்டுப்பாடுடைய பகுதி என்பதால் அங்கு எதிர்ப்பும் எழுந்தது. வெள்ளத்துக்கு இடம் கொடாத நகரம், வரட்சியில் பிறரின் குடத்தை நோக்கிக் கை நீட்ட வேண்டி வந்தது. கொழும்பு மாநகரமோ 2010 வெள்ளத்தின் பின், எஞ்சியிருந்த சதுப்பு நிலங்களைக் காப்பதையும் வெள்ளத் தடுப்பின் ஒரு பகுதியாகக் கொண்டது. 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது. வெள்ளம் ஆறுவதற்கு ஒரு மூலையை விட்டுவைப்பதே அறிவு என்பதைத் தலைநகரும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 இல் குழாய்கள் முற்றாக மூடப்படும் நிலையை நெருங்கியது. ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என வரையறை விதிக்கப்பட்டது. மக்கள் குறைத்தனர். அவ்வேளையில் அயற்பிரதேச விவசாயிகள் சங்கம் ஒன்று தமது அணைகளில் இருந்த நீரில் ஒரு பகுதியை நகருக்குத் திறந்து விட்டது. கவனிக்க வேண்டியது யாதெனில், நகரம் முதலில் தன் வயிற்றைச் சுருக்கியது. அதன் பின்னரே பிறரின் நீர் வந்தது. கேட்டுப் பெற்றதற்கும் பறித்துக்கொண்டதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

வயலில் எழுதப்பட்ட அறம்

இவ்வளவு தூரம் போகாமலே இந்த அறம் வயலில் எழுதப்பட்டிருக்கின்றது. போகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் கூடி, குளத்தில் எவ்வளவு நீர், எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தத் தேதியில் விதைப்பு, எந்தத் தேதியில் நீர் கட்டுவது என்று தீர்மானிப்பர். வட்டை விதானையார் வாய்க்காலைப் பார்த்துக்கொள்வார். தலைப்பிலே இருப்பவன் கடைசி வயலுக்கு நீர் போகுமுன் தன் வயலை இரண்டாந் தரம் நிரப்பினால், போடியாராக இருந்தாலும் அது வழக்காகும். வரண்ட ஆண்டுகளில், குளத்துக்கு அண்மையான ஒரு பகுதி நிலத்தை மட்டும் செய்து, அதையும் உரித்தாளர் எல்லோருக்குமாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறை இலங்கையின் வரண்ட பிரதேசத்தில் உண்டு. சிங்களக் கிராமங்களில் அதைப் பெத்ம என்பர். விளைச்சல் குறையும், ஆனால் ஒருவன் நிறைந்து மற்றவன் பட்டினி கிடக்கும் நிலை வராது. நட்டத்தையும் பங்கு போடலாம் என்று கண்டுபிடித்தவர்கள் படித்த பொறியியலாளர்கள் அல்லர். சேற்றில் நின்ற மனிதர்கள்.

நகரமும் தொழிற்சாலையும் இன்று தேடும் விடை இதிலே அடங்கியிருக்கின்றது. நீரை எடுக்கவோ வெள்ளத்தைத் திருப்பவோ எண்ணும் எவரும் மூன்று கேள்விகளுக்கு மறுமொழி கூற வேண்டும். பாதிக்கப்படப் போகின்றவர் முன்கூட்டியே கேட்கப்பட்டாரா? எடுக்குமுன் தனது பாவனை குறைக்கப்பட்டதா? கேடு வந்தால் அதன் செலவு பலன் பெற்றவரின் கணக்கில் எழுதப்படுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது இடரை நிர்வகித்தல். இல்லையென்றால் இடரைக் கடத்தல். கடத்தப்பட்ட பொருள் விலையுயர்ந்ததாக இருந்தாலும் களவு களவுதான்.

பெரியவர்களிடம் கேட்கும் கேள்வியைச் சிறியவர்களும் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வளவை உயர்த்துமுன் நீர் போகும் வழியை விடலாம். வடிகாலில் குப்பை போடாதிருக்கலாம். மண்டபக் கூரையில் விழும் மழையைக் கிணற்றுக்கோ கேணிக்கோ திருப்பலாம். ஆலயக் கேணியைத் தூர்வாருவதும் கும்பாபிஷேகத்தைப் போன்றதொரு திருப்பணியே. பிரதேசக் கூட்டங்களில், அங்கு வந்திருக்க முடியாத மேல்நிலத்துக் கிராமத்தவருக்காகவும் ஒரு வார்த்தை பேசலாம்.

தீர்த்தத் திருநாளில் ஒரே நீரில் எல்லோரும் மூழ்கி எழுகின்றனர். அங்கே மேல்நீர், கீழ்நீர் என்ற பேதமில்லை. அந்த ஒரு நாளின் சமத்துவம் ஆண்டு முழுவதும் குழாயிலும் வாய்க்காலிலும் ஓடினால் அதுவே மெய்யான தீர்த்தம். மழை அளவோடு பெய்யவும், பெய்த மழை எல்லோருக்கும் ஆகவும், தன் நஞ்சைத் தானே தாங்கும் மனவலிமையைத் தொழில்களும் நகரங்களும் ஒவ்வொரு குடும்பமும் பெறவும், நீலகண்டனின் திருவருளும் ஆமையாய் நின்று உலகைத் தாங்கிய திருமாலின் திருவருளும் துணைநிற்பதாக.

சுபம்.